இளம் ஓட்டுநரை இழந்த பிறகு வாங்கும் ஏர்பேக் உள்ளுடை: ஒரு மதிப்புரை

மோட்டார் சைக்கிள் பந்தய உலகில் ஓர் இளம் ஓட்டுநர் இறந்துபோனால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைவதற்கு முன்பே பேடக்கில், அதாவது அணிகள் தங்கும் வளாகத்தில், ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடுகிறது: "பிள்ளைக்கு ஏர்பேக் போட்டிருந்தார்களா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் தாங்களும் ஒரு பிள்ளையைப் பந்தயத்துக்கு அனுப்புகிறவர்கள். எங்கள் தொடரிலும் இந்தப் பருவத்தில் அப்படி ஒரு சாவு நேர்ந்தது. அந்தப் பிள்ளையின் பெயரையும் விபத்தின் விவரத்தையும் குடும்பத்தாரின் மனத்தை மதித்து இங்கே எழுதவில்லை. அதன் பிறகு நண்பர்களும் எதிரணியினரும் சேர்ந்து ஒரு நினைவு நிதி திரட்டினார்கள். தொடரில் ஓடும் எல்லாச் சிறார்களுக்கும், பந்தயத் தோலுடைக்குள் அணியும், விழும்போது விரிந்து உடற்பகுதியைக் காக்கும் ஏர்பேக் உள்ளுடையை அந்த நிதியில் வாங்கிக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்களின் உடையையும் ஹெல்மெட்டையும் பரிசோதிக்கும் வேலையைப் பல பருவங்களாகச் செய்துவருவதால், சில மாதிரிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. குழுவிடம் கொடுத்த அந்தக் கருத்தைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால், நான் சோதித்த உள்ளுடைகளின் தயாரிப்பாளர்களைப் பெயர் சொல்லாமல் பொருளின் வகையைப் பற்றியே பேசுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இது நல்ல பொருள், வாங்க வேண்டிய பொருள். ஆனால் இறந்த பிள்ளையை இது காப்பாற்றியிருக்கும் என்ற எண்ணத்தோடு யாரும் இதை வாங்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமையாகும். துக்க வீட்டில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது, விற்பனையாளர்களுக்கும் அதுவே வசதி.

சந்தையில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று, வண்டியோடு ஒரு கயிற்றால் இணைக்கப்படுவது; ஓட்டுநர் வண்டியைவிட்டுத் தூக்கி எறியப்படும்போது கயிறு இழுபட்டு வாயுக் குப்பி திறக்கும். சாலைப் பயணத்துக்கு அது பயன்படலாம், பந்தயத்துக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஓட்டுநர் வண்டியோடு சேர்ந்தே சறுக்கும் விழலில் கயிறு இழுபடாமலே போகலாம், அல்லது மிகத் தாமதமாக இழுபடலாம். மற்றது, வண்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தானாக இயங்கும் மின்னணு வகை. உடலின் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்களின் கணக்கை முதுகில் இருக்கும் சிறிய கணினி தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கிறது. டைனீஸ் நிறுவனம் தன் டி-ஏர் அமைப்பு நொடிக்கு ஆயிரம் முறை இப்படிப் படிப்பதாகச் சொல்கிறது. விழல் தவிர்க்க முடியாதது என்று கணக்கு முடிவு செய்தவுடன், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள், சில பத்து மில்லி நொடிகளில், பை விரிந்துவிடுகிறது. இந்தத் தொழில்நுட்பம் 2007-இல் வலென்சியாவில் 125 சிசி பந்தயம் ஒன்றில் முதன்முதலாகப் போட்டியின் நடுவே விரிந்தது. 2018 முதல் உலக சாம்பியன்ஷிப்பின் மோட்டோ ஜிபி, மோட்டோ 2, மோட்டோ 3 ஆகிய மூன்று வகுப்புகளிலும் கட்டாயமாயிற்று. உச்சியில் கட்டாயமான ஒன்று கீழே இருக்கும் சிறார் தொடர்களுக்கு வந்து சேர இத்தனை காலம் பிடித்தது ஏன் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. விலை ஒரு காரணம், அளவு மற்றொரு காரணம்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறார் விஷயத்தில் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. தோலுடைக்குள் பை விரிய வேண்டுமானால் மார்பைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், தோலுடையில் தோளிலும் மார்பிலும் நெகிழும் பட்டைகளும் வேண்டும். இடைவெளி இல்லாத உடைக்குள் பை விரிந்தால் அது வெளிப்பக்கம் போக வழியில்லாமல் உள்ளே நெஞ்சை அழுத்தும். இடைவெளி அதிகமாகிவிட்டாலோ, விழும்போது தோலுடை உடம்பைச் சுற்றித் திருகி, முழங்கைக் காப்பும் தோள் காப்பும் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். வளரும் பிள்ளைக்கு ஒரு பருவம் சரியாக இருக்கும் உடை அடுத்த பருவம் இறுக்கமாகிவிடுகிறது. "இன்னும் ஒரு வருஷம் தாங்கும்" என்று பெற்றோர் இரண்டு அளவு பெரிதாக வாங்குவதை ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்கிறேன். தோலுடையில் அது கெட்ட பழக்கம் என்றால், ஏர்பேக்கில் அது ஆபத்து. நான் பார்த்த மாதிரிகளில் ஒன்று சிறார் அளவு என்று விற்கப்பட்டாலும், பெரியவர்களுக்கான மாதிரியைச் சுருக்கித் தைத்ததாகவே இருந்தது. முதுகுப் பகுதியின் கணினிப் பெட்டி, குனிந்து ஓட்டும் நிலையில் மெலிந்த ஒரு பிள்ளையின் ஹெல்மெட் விளிம்பை முட்டியது. தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்க முடியாத ஓட்டுநருக்குப் பாதுகாப்பு உடை எதுவும் உதவாது. அந்த மாதிரியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறொன்றும் உண்டு. கையேட்டில் ஓட்டுநரின் எடைக்கும் உயரத்துக்கும் வரம்பு போட்டிருப்பார்கள், வயதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. முதுகுக் காப்பு தனியே வேண்டுமா, உள்ளுடையிலேயே அடங்கியிருக்கிறதா என்பதை ஈஎன் 1621-2 என்ற முத்திரையைத் தேடித் தெரிந்துகொள்ளலாம், முதுகுக் காப்புக்கான ஐரோப்பியத் தரம் அது. ஈஎன் 1621-4 என்று மட்டும் போட்டிருந்தால், அது இழுகயிற்றால் இயங்கும் ஏர்பேக்குகளுக்கான தரம். இரண்டையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்கு எரிச்சல் தந்தவை சில்லறை விஷயங்கள்தான், ஆனாலும் பந்தய நாளில் அவை சில்லறையாக இருப்பதில்லை. மின்கலம் சார்ஜ் ஏறாமல் வந்த உள்ளுடை வெறும் தடித்த பனியன். சாலைக்கான கணக்கும் பந்தயத்துக்கான கணக்கும் வேறு வேறு என்பதால் சரியான பயன்முறைக்கு மாற்றிவைக்க வேண்டும். அதை ஒரு கைப்பேசிச் செயலி வழியாகத்தான் செய்ய முடியும் என்று வைத்திருப்பவர்களுக்கு, போட்டிக்கு முன் கையுறை மாட்டிய ஒரு தகப்பனார் எவ்வளவு பதற்றத்தில் இருப்பார் என்று தெரியவில்லை போலும். சில மாதிரிகளில் ஒருமுறை விரிந்த பிறகு குப்பியை நாமே மாற்றலாம், சிலவற்றைச் சேவை மையத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் விழுந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஏர்பேக் இல்லாமல் ஓடும் நிலை வரக் கூடாதென்றால், முதல் வகையைத்தான் வாங்க வேண்டும். இரண்டு குப்பிகள் கொண்ட பந்தய மாதிரிகள் இன்னும் நல்லவை. விழுந்து எழுந்து வண்டியை நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஓடும் ஓட்டுநருக்கு இரண்டாம் முறையும் காப்பு இருக்கும். சந்தா கட்டினால்தான் இயங்கும் மாதிரிகளும் இருக்கின்றன. பிள்ளையின் நெஞ்செலும்பைக் காக்கும் பொருள், சந்தாக் கெடு தவறினால் நின்றுபோகலாம் என்ற ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை. நினைவு நிதியில் அந்த வகையை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வேலையை இது எப்படிச் செய்கிறது? பந்தயத்தில் விழல் பெரும்பாலும் இரண்டு விதம். வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து சறுக்குவது லோசைட். பின்சக்கரம் வழுக்கிச் சட்டென்று பிடிப்புக் கிடைக்கும்போது வண்டி உதறி ஓட்டுநரை மேலே தூக்கி எறிவது ஹைசைட். தோளெலும்பும் காறையெலும்பும் முறிவது பெரும்பாலும் இரண்டாவதில்தான், ஏர்பேக் தன் கூலியைச் சம்பாதிப்பதும் அங்கேதான். மெல்லச் சறுக்கும் லோசைட்டில் பை விரியாமல் போனால் பெற்றோர் பதறி வந்து "வேலை செய்யவில்லையே" என்கிறார்கள். விரிய வேண்டிய தேவை இல்லாததால் அது விரியவில்லை, அதுவும் அதன் திறமையில் சேர்த்திதான். 2013-இல் இத்தாலியின் முஜெல்லோவில் மோட்டோ ஜிபி ஓட்டுநர் மார்க் மார்க்கெஸ் பயிற்சிச் சுற்றில் 300 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் நேர்ப்பாதை முடிவுக்கு வந்து, வண்டி கட்டுப்பாட்டை இழக்கவே குதித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஓடவும் செய்தார். இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அதே மார்க்கெஸ் 2022-இல் இந்தோனேசியாவின் மண்டாலிகாவில் ஹைசைட்டில் தூக்கி எறியப்பட்டபோது மூளை அதிர்ச்சியும் இரட்டைப் பார்வைக் கோளாறும் வந்து அடுத்த பந்தயத்தைத் தவறவிட்டதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. உடற்பகுதியைக் காக்கும் பை தலைக்கு ஒன்றும் செய்யாது.

தலையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மோட்டார் சைக்கிள் விளையாட்டின் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐஎம் 2019-இல் உலகப் போட்டிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஹெல்மெட் அங்கீகாரத் திட்டம், நேர் மோதலோடு சாய்வான மோதலில் தலை சுழலும் விசையையும் சோதிக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஹெல்மெட்டில் கியூஆர் குறியீடு கொண்ட முத்திரை இருக்கும். நிதி குறைவாக இருந்து, ஏர்பேக்கா நல்ல ஹெல்மெட்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், தயங்காமல் பிள்ளையின் தலைக்குச் சரியாகப் பொருந்தும், தாடையில் இறுக்கும் இரட்டை வளையப் பட்டை கொண்ட ஹெல்மெட்டை வாங்குங்கள்.

இப்போது இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இந்த விளையாட்டு கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எந்தெந்த இளம் ஓட்டுநர்களுக்காகக் கறுப்புப் பட்டை கட்டியது என்று நினைத்துப் பார்த்தால், ஏர்பேக்கின் எல்லை தானாகத் தெரிந்துவிடும். 2010 ஆகஸ்டில் இண்டியானாபோலிஸில் 13 வயது பீட்டர் லென்ஸ் பந்தயத்துக்கு முந்தைய வெதுப்புச் சுற்றிலேயே விழுந்தான்; எழுந்து நின்றவன்மீது பின்னால் வந்த வண்டி மோதியது. அடுத்த வாரமே மிசானோவில், மோட்டோ 2 வகுப்பின் முதல் பந்தயத்தை வென்ற 19 வயது ஷோயா தோமிசாவா விழுந்தார். பின்தொடர்ந்த இருவருக்கு விலக இடமில்லை. 2011-இல் செபாங்கில் 24 வயது மார்கோ சிமோன்செல்லியின் வண்டி சறுக்கி வெளியே போகாமல் பிடிப்புக் கிடைத்து மறுபடி தடத்துக்குள்ளேயே திரும்பியது. பின்னால் வந்த இரண்டு வண்டிகள் மோதின, ஹெல்மெட் கழன்றுபோனது. 2021 ஒரே ஆண்டில் மூன்று பேர்: மே மாதம் முஜெல்லோவில் 19 வயது ஜேசன் டுபாஸ்கியே, ஜூலையில் அரகோனில் 14 வயது ஊகோ மில்யான், செப்டம்பரில் ஹெரெஸில் 15 வயது டீன் பெர்ட்டா வின்யாலெஸ். எல்லாவற்றிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது: விழல் கொல்லவில்லை, விழுந்த இடத்துக்குப் பின்னால் வந்த வண்டி கொன்றது.

ஏர்பேக் தரையில் மோதும் விசைக்காகச் செய்யப்பட்டது. சில நொடிகளில் காற்று இறங்கிவிடும், இறங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநரால் மறுபடி வண்டியில் உட்கார முடியாது. தடத்தின் நடுவில் கிடக்கும், அல்லது எழுந்து ஓடப் பார்க்கும் ஒரு பிள்ளையின்மீது ஒரு வண்டி பந்தய வேகத்தில் வரும்போது, விரிந்த பையானாலும் இறங்கிய பையானாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இதைத் தயாரிப்பாளர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், விளம்பரத்தில் எழுத அவர்களுக்கு அவசியம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் நினைவு நிதியைச் செலவிடப்போகும் நாம் தெரிந்துகொண்டே செலவிட வேண்டும்.

சிறார் வகுப்புகளில் இந்த ஆபத்து ஏன் அதிகம் என்பதற்குக் காரணம் வண்டியிலேயே இருக்கிறது. வேகம் குறைந்த சிறிய வண்டிகள் என்றால் ஆபத்தும் குறைவு என்று வெளியார் நினைக்கிறார்கள். ஆனால் எல்லா வண்டிகளும் ஒரே சக்தி என்பதால் யாரும் யாரையும் விட்டு விலகிப் போக முடிவதில்லை. முன்னால் போகிறவரின் பின்னே காற்றின் தடை குறைவதால், ஒட்டிக்கொண்டு போவதே வேகமாகப் போகும் வழி. ஆகவே இருபது பிள்ளைகள் ஒரே கொத்தாக, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு கை அகலத்தில் வளைவுக்குள் நுழைகிறார்கள். பெரிய வண்டிகளில் தவறு செய்தவர் பின்தங்கிவிடுவார். இங்கே தவறு செய்தவரும் கொத்துக்குள்ளேயே இருப்பார். முதலில் போகிறவன் விழுந்தால் ஐந்தாவதாக வருபவனுக்கு அது கண்ணில் படுவதே தாமதமாகத்தான்.

மோதியவனின் துக்கத்தைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். பீட்டர் லென்ஸ்மீது மோதியவனும் 12 வயதுச் சிறுவன். எங்கள் தொடரிலும் அப்படி மோத நேர்ந்த ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் இன்னும் ஹெல்மெட்டைக் கையில் எடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டிருந்த பேடக்கில், இறந்த பிள்ளையின் தாயார்தான் முதலில் போய்வந்தார். நினைவு நிதியின் ஒரு பகுதியை அந்தப் பிள்ளையின் மனநலச் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும் என்று குழுவிடம் சொன்னேன். ஏர்பேக் மதிப்புரையில் இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். நிதி ஒன்றுதான் என்பதால் இங்கேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரங்கல் தெரிவிப்பதில் இந்த விளையாட்டுக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. சிமோன்செல்லி இறந்த இரண்டு வாரங்களில் வலென்சியாவில் மூன்று வகுப்பு ஓட்டுநர்களும் ஒன்றாகச் சுற்றி வந்தார்கள். அவருடைய வண்டியை முன்னாள் உலக சாம்பியன் கெவின் ஷ்வாண்ட்ஸ் ஓட்டினார். மௌன அஞ்சலி வேண்டாம், ஆர்ப்பரிப்பே வேண்டும் என்ற தந்தை பாவ்லோவின் விருப்பப்படி என்ஜின்களும் வாணவேடிக்கையும் அந்த நிமிடத்தை நிரப்பின. பாவ்லோ பின்னர் மகனின் பெயராலும் அவருடைய வண்டி எண்ணான 58-ஆலும் ஓர் அணியையே உருவாக்கி இளம் ஓட்டுநர்களை வளர்க்கிறார். முஜெல்லோவில் நடந்தது வேறு. டுபாஸ்கியே இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொடக்கக் கோட்டில் ஒரு நிமிட மௌனம், பிறகு பந்தயம். ஓடியிருக்கக் கூடாது என்று பிறகு வெளிப்படையாகவே சொன்ன ஓட்டுநர்கள் இருந்தார்கள். இரண்டில் எது சரி என்று வெளியே இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் இறந்தவரின் வீட்டாரைக் கேட்டுச் செய்வதற்கும் கேட்க நேரமில்லாமல் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு.

2021-இன் மூன்று சாவுகளுக்குப் பிறகு உண்மையில் பலன் தரக்கூடியதாக நடந்தது விதி மாற்றம்தான். உலக சாம்பியன்ஷிப்புகளுக்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆயிற்று. ரெட் புல் ரூக்கீஸ் போன்ற இளையோர் தொடர்களுக்கு 15, ஐரோப்பிய, ஆசியத் திறனாளர் கோப்பைகளுக்கு 14 என்று படிகள் உயர்ந்தன. வயதை உயர்த்தினால் மட்டும் கொத்து கலைந்துவிடாது என்ற விமர்சனம் சரியானதே. அதனால்தான் ஒரு பந்தயத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதையும், விழல் நடந்தவுடன் பின்னால் வருபவர்களை எச்சரிக்கும் ஏற்பாடுகளையும் சேர்த்தே பேசினார்கள்.

எங்கள் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இதுதான். இரண்டு குப்பிகள் கொண்ட, சந்தா இல்லாத, தானாக இயங்கும் பந்தய மாதிரியை வாங்கலாம். பிள்ளைக்கு ஒன்று என்று சொந்தமாகக் கொடுக்காமல், எல்லா அளவிலும் தொடரின் பொதுச் சொத்தாக வைத்து, வளர வளர மாற்றிக் கொடுக்கலாம். தோலுடையோடு சேர்த்து அணிவித்து, குனிந்து உட்கார வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சார்ஜையும் பயன்முறையையும் காட்டும் விளக்கைத் தடத்துக்குள் நுழையும் வாயிலில் ஒருவர் பார்க்க வேண்டும், பெற்றோரின் வாக்குறுதி போதாது. இறந்த பிள்ளையின் எண்ணை உள்ளுடையின் மார்பில் அச்சிடும் யோசனையை வேண்டாம் என்று சொன்னேன். இன்னொரு பிள்ளை அதைத் தன் நெஞ்சின்மேல் சுமந்துகொண்டு முதல் வளைவுக்குப் போக வேண்டியதில்லை.

உள்ளுடைக்கு நிதியில் பாதிக்கு மேல் செலவிடக் கூடாது என்றும் எழுதினேன். மீதி, வளைவுகளில் நின்று கொடி காட்டி எச்சரிக்கும் மார்ஷல்களின் பயிற்சிக்கும், கொடியைவிட வேகமாகக் கண்ணில் படும் எச்சரிக்கை விளக்குகளுக்கும் போக வேண்டும். காசே செலவில்லாத ஒரு கோரிக்கையும் உண்டு: சிறார் வகுப்பில் ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகளைக் குறைத்து, இரண்டு பிரிவாக ஓடவிடுங்கள். முதல் பகுதியைக் குழு உடனே ஏற்றுக்கொண்டது. விளக்குகளுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். வண்டிகளைக் குறைத்தால் கால அட்டவணை நீளும் என்றும் நுழைவுக் கட்டணம் பாதிக்கப்படும் என்றும் அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிலை எழுத்தில் தரும்படி பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அது வந்த பிறகே உள்ளுடைகளுக்கான முன்பணத்தைக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.